மழைக்கு முன் வீட்டைப் பார்ப்போம்: நாமே செய்யக்கூடிய பழுது வேலைகள்



உள்கடன் கேட்கும்போது என்ன காரணத்துக்கு என்று தீர்மான நோட்டில் எழுதுகிறோம். படிப்புச் செலவு, மருத்துவம், விதை, உரம் என்று வரும். மழைக்காலம் முடிந்ததும் 'வீடு பழுது' என்ற காரணமும் தவறாமல் வரும். அப்படிக் கடன் கேட்ட வீடுகளுக்கு நாங்கள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். போன வருஷம் ஒரு ஓடு உடைந்தது. ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்துச் சமாளித்தார்கள். இந்த வருஷம் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை உளுத்துப் போச்சு, சுவரும் ஊறிப் போச்சு. ஒரு ஓட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல மாதத் தவணையாக மாறிவிடுகிறது.

"கொத்தனார் கிடைக்கலைங்க" என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான். கீழே இருந்து ஆள் வரவேண்டுமானால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். ஒரு ஓடு மாற்றவும், ஒரு வெடிப்பு பூசவும் யார் வருவார்கள்? வந்தாலும் கூலி, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் நம் தலையில்தான்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் குழுக்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! மணல் சலிப்பது, கலவை போடுவது, தண்ணீர் ஊற்றி நனைப்பது எல்லாம் பெண்கள் கையால்தான் நடக்கிறது. மண் பிசைவது, சாணம் மெழுகுவது, சுண்ணாம்பு அடிப்பதும் நாம்தான். கரண்டி மட்டும் கொத்தனார் கையில் இருக்கிறது. பாதி வேலை தெரிந்த நாம் மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள முடியாதா?

மற்ற ஊர்ப் பெண்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்துக் கிராமப் பெண்கள் 1990களில் கைபம்பு பழுது பார்க்கப் பயிற்சி எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் பம்பு சரிசெய்தார்கள். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்கள் கட்டுமானக் குழுக்கள் முழு வீட்டையே கட்டிக் கொடுத்திருக்கின்றன. நாம் வீடு கட்ட வேண்டாம். இருக்கிற வீட்டைக் காப்பாற்றினால் போதும்.

தை, மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு ஏற்ற காலம். மண்ணும் கலவையும் நன்றாகக் காயும்.

1. முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்திருந்தால், அல்லது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அதை நாம் பூசி மறைக்கக் கூடாது. நகராத சின்ன வெடிப்பு நம் வேலை.

2. மண் சுவர்

மண் சுவருக்கு எதிரி தண்ணீர். அதிலும் கூரையிலிருந்து விழுந்து தெறிக்கும் தண்ணீர் சுவரின் அடியைக் கரைத்துவிடும். அடி கரைந்தால் மேல் சுவர் எதில் நிற்கும்? அதனால் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில், சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, சின்ன வாய்க்கால் வெட்டிப் பள்ளம் பார்த்து வெளியே விடுங்கள். சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். சுவர் ஓரத்து மண்ணை மேடாக்கி, வெளிப்பக்கம் சரிவாக இடித்துவிடுங்கள்.

கரைந்த இடத்தை அடைக்க, சலித்த மண்ணோடு நறுக்கிய சாமை வைக்கோலைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி மிதித்து, நான்கைந்து நாள் ஊறப் போடுங்கள். முதலில் உள்ளங்கை அளவு பூசிக் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணலும் வைக்கோலும் கொஞ்சம் கூட்டணும். கைபட்டதும் உதிர்ந்தால் களிமண் கூட்டணும். பக்குவம் சரியானதும், சுவரில் தளர்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு பூசுங்கள். காய்ந்த சுவரில் பூசினால் ஒட்டாது. ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல், இரண்டு மூன்று தடவையாகப் பூசுங்கள்.

"சிமெண்ட் பூசினா கெட்டியா இருக்குமே" என்று பலர் கேட்கிறார்கள். மண் சுவரும் சிமெண்டும் ஒன்றாக ஒட்டாது. உள்ளே போன ஈரமும் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். வெளியே பார்க்கக் கெட்டியாக இருக்கும், உள்ளே மண் இளகிப்போகும். கடைசியில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். மண் சுவருக்கு மண்ணும் சுண்ணாம்பும்தான் பொருத்தம்.

3. ஓட்டுக் கூரை

சீமை ஓடு போட்ட வீட்டில் ஒன்றிரண்டு ஓடு உடைந்தால் கூரைமேல் ஏறவே வேண்டாம். வீட்டுக்குள் ஏணி போட்டு நின்று, உடைந்த ஓட்டின்மேல் ஏறியிருக்கும் ஓட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவி எடுங்கள். புது ஓட்டைச் செருகி, அதன் பின்பக்க மூக்கு ரீப்பரில் மாட்டியதா என்று பார்த்த பிறகு மேல் ஓட்டை இறக்குங்கள். கீழே யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். ஏணியை நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளிச் சாய்த்து வையுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

"பொம்பளை ஏணி ஏறினா ஊரு சிரிக்கும்" என்பார்கள். பலா மரத்தில் பிஞ்சு பார்க்கவும், மிளகு பறிக்கவும் ஏறும்போது சிரிக்காத ஊர் இதற்கு மட்டும் சிரித்தால் சிரிக்கட்டும்.

4. கான்கிரீட் தளம்

தொகுப்பு வீடுகளில் தளம் ஒழுக முதல் காரணம் தண்ணீர் தேங்குவதுதான். மழைத்தண்ணீர் வெளியேறும் குழாயில் இலை, மண் அடைத்திருக்கும். மாதம் ஒருமுறை கூட்டிச் சுத்தம் செய்தாலே பாதி ஒழுகல் நிற்கும். தளத்தில் முளைத்த ஆலஞ்செடி, அரசஞ்செடியைச் சின்னதிலேயே வேரோடு எடுங்கள்.

மெல்லிய வெடிப்பு இருந்தால் உளியால் ஆப்பு வடிவத்தில் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் கலந்து அழுத்தி அடையுங்கள். நீர்க்கசிவு தடுக்கும் மருந்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவு சேர்க்கலாம். அரைமணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலவை போடுங்கள். பூசிய பிறகு ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் நனைக்கணும். இதை விட்டால் பூசியதே வீண். கட்டி தட்டிய சிமெண்டை வாங்காதீர்கள். மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் வலு குறைந்துவிடும்.

5. சொட்டும் குழாய்

குழாயின் கீழே ஒரு குடத்தை வைத்து, எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பாருங்கள். வீணாவது எவ்வளவு என்று அப்போது தெரியும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாசர் தேய்ந்திருக்கும். தண்ணீரை நிறுத்திவிட்டு, ஸ்பேனரால் தலையைக் கழற்றி, பழைய வாசரைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கிப் போடுங்கள். மரையில் கசிந்தால் வெள்ளை டேப்பை மரை சுற்றும் பக்கமாகவே சுற்றி முறுக்குங்கள்.

6. நாம் தொடக் கூடாதவை

- கரண்ட் வேலை. ஈரச் சுவரைத் தொட்டால் ஷாக் அடித்தால் சுவரையும் சுவிட்சையும் தொடாதீர்கள். காய்ந்த கையோடு, செருப்பு போட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். மெயின் இருக்கும் இடமே ஈரமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். உடனே மின்வாரியத்துக்கோ வயர்மேனுக்கோ சொல்லுங்கள்.
- ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும். மேலே ஏறினாலும் ஷீட் உடைந்து ஆள் விழுந்துவிடுவார்.
- கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்த தளம்.
- சாய்ந்த சுவர், வயிறு தள்ளிய சுவர், விரல் நுழையும் வெடிப்பு.

கடைசி இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. இரவு மழையில் சுவர் விழுந்தால் அதன் பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவர்களும் குழந்தைகளும்தான் மாட்டிக்கொள்வார்கள். படுக்கையை இன்றைக்கே வேறு பக்கம் மாற்றுங்கள். பிறகு செம்மேட்டில் உள்ள ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள். 2000-2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. உங்கள் வீடு அதில் வருமா என்று அங்கே கேளுங்கள்.

7. குழுவாகச் செய்வோம்

ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சாமான் வாங்க வேண்டாம். கரண்டி, மணியாஸ் பலகை, உளி, சுத்தியல், ஸ்பேனர், திருப்புளி, ஒரு ஏணி ஆகியவற்றைக் குழுவின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கலாம். எடுப்பவர் பெயரும் தேதியும் நோட்டில் எழுதணும். சித்தாள் வேலை பழகிய ஓர் அக்கா மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும். முதலில் ஆதரவில்லாமல் தனியாக இருக்கும் உறுப்பினரின் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்து பழகுங்கள். அவர் வீடும் நிமிரும், நம் கையும் பழகும்.

இந்த மாதக் கூட்டத்தில் மூன்று விஷயம் பேசுங்கள்: யார் வீட்டில் என்ன பழுது, அதில் நாமே செய்வது எது, மனு கொடுக்க வேண்டியது எது. பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் எத்தனை வீடு சரியானது என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.