துபாயில் வீடு கொள்ளுமுன்

கடல் கடந்து சென்று பொருளீட்டுதல் நம் தென்பாண்டி நாட்டார்க்குப் புதிய தொழிலன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவின் இரப்பர்க் காடுகளுக்கும், பர்மாவின் துறைமுகங்களுக்கும் நம் முன்னோர் சென்றனர். ஆங்கு ஈட்டியதில் எஞ்சியதை ஈங்குக் கொணர்ந்து நிலம் வாங்கினர், வீடு கட்டினர். இக்காலத்தோ இம்முறை தலைகீழாக மாறிவரக் காண்கின்றோம். ஈங்குள்ள நிலத்தை விற்று ஆங்கு வீடு வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களுட் புகுந்துள்ளது. நம் கல்லூரி மாணவருட் பலர்க்குத் தந்தையோ தமையனோ மாமனோ வளைகுடா நாடுகளிற் பணிசெய்வாராயிருத்தலின், இப்பொருள் குறித்துச் சிறிது எழுதுதல் அவர்க்குப் பயன்படும் என எண்ணினோம். யாம் வழக்கறிஞரும் அல்லோம், வணிகரும் அல்லோம். எம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு செய்தியே எம்மை இதன்கண் ஆராயத் தூண்டிற்று.

எம் சிறிய தந்தையார் துபாய் நகரில் 18 ஆண்டுகளாக மின்தொழிற் கண்காணிப்பாளராய்ப் பணியாற்றுபவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது, சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த வீட்டுக் கண்காட்சிக்குச் சென்று, வண்ணப்படங்கள் நிறைந்த புத்தகமொன்றுடன் ஊர் திரும்பினார். கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்த அம்மாளிகையின் சிற்றுருவமும், அதன் அடியில் நீலநிறமாய்த் தோன்றிய நீச்சற்குளமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன. மாதந்தோறும் பிறர்க்கு வாடகையாகத் தரும் பணத்தைத் தம் வீட்டிற்கே தரலாம் என்று அங்கிருந்தோர் அவர்க்குக் கணக்கிட்டுக் காட்டியிருந்தனர். அம்மாளிகை இன்னும் எழும்பவில்லை. மணலிற் குறியிட்ட அளவே. முன்பணத்திற்கு எம் பாட்டியாரின் பனைவிளையை விற்பதென்று பேச்சு எழுந்தது. தேரிமணலை அடுத்த மூன்று ஏக்கர் நிலம் அது. எம் பாட்டனார் பனையேறிச் சேர்த்த பொருள்.

பாட்டியார் சினக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. வெற்றிலையை மடித்தபடியே, “அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, மக்களே?” என்று மட்டும் கேட்டார். இருந்தோர் அனைவரும் நகைத்தோம். எம் தந்தையார் மட்டும் நகைத்திலர். “தம்பி, அம்மா கேட்டதற்கு விடை தெரிந்துகொண்டு பின்பு பணம் கட்டுவோம், நீயே சொல்” என்றார். சிறிய தந்தையார்க்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. 18 ஆண்டுகள் ஓர் ஊரிற் பணிசெய்தவர், அவ்வூரில் வாழ்வதென்றால் இன்னதென்று ஒருமுறையேனும் வினவிப் பார்த்திலர். பணியிடமும் படுக்கையறையுமே அவர் அறிந்த துபாய்.

அவ்வினாவிற்கு விடை கடலே என்பது. மழை அரிதாகவும் நிலத்தடி நீர் உவர்ப்பாகவும் உள்ள அந்நாட்டில் நகர மக்கள் பயன்படுத்தும் நீர் கடல் நீரைத் தூய்தாக்கிப் பெறுவதேயாம். ஜபல் அலி என்னுமிடத்தில் மின்னாற்றல் நிலையங்களோடு இணைந்து நிற்கும் பெருந்தொழிற்சாலைகள் இதனைச் செய்கின்றன. ஆகவே ஆங்குக் கிணறுமில்லை, ஊருணியுமில்லை; திறந்த குழாயில் விழும் ஒவ்வொரு துளிக்கும் எரிபொருட் செலவுண்டு. நீர்க்கட்டணமும் மின்கட்டணமும் ஒரே சீட்டில் வரும். அச்சீட்டிலேயே நகராட்சியின் வீட்டுவரியும் சேர்ந்து வரும். வாடகைக்கிருப்போர் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 5 பங்கு இவ்வாறு செலுத்துகின்றனர்.

நீரினும் பெரிது வெப்பம். சென்ற சூன் திங்களில் எம் தந்தையாருடன் யாமும் துபாய் சென்றோம். தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்த எமக்கு வெயில் ஒரு பொருட்டன்று என்ற செருக்கு இருந்தது. விமானநிலையத்தின் கதவு திறந்தவுடனே அது நீங்கிற்று. வெப்பமானி 40 பாகைக்கு மேல் நிற்கும். அதனோடு வளைகுடாவின் ஈரக்காற்றும் சேரும். வியர்வை உலர்வதில்லை. சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கலாகாது என்று அரசாங்கமே விதித்துள்ளது என்றால் வேறு சான்று வேண்டுமோ? ஆதலின் அவ்வூரில் வீடென்பது குளிரூட்டிய வீடே. கண்காட்சிப் புத்தகத்தில் இதுபற்றி ஒரு வரியும் காணோம்.

ஈண்டு ஒரு நுட்பமான செய்தியுண்டு. புதிய மாளிகைகள் பலவற்றில் வீட்டுக்கொரு குளிர்பொறி வைப்பதில்லை. ஓரிடத்தில் நிறுவிய பெருநிலையமொன்று நீரைக் குளிர்வித்துக் குழாய்வழியே அப்பகுதி முழுமைக்கும் அனுப்புகின்றது. இதற்குரிய கட்டணம் இருவகைத்து. ஒன்று, பயன்படுத்திய அளவிற்குரியது. மற்றொன்று, அவ்வீட்டிற்கென ஒதுக்கிய குளிராற்றலுக்குரிய நிலைக்கட்டணம். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்து ஆறு திங்கள் இருந்தாலும் இது நில்லாது வரும். மேலும் லிப்ட், தாழ்வாரம், காவலர், நீச்சற்குளம் ஆகியவற்றின் பொருட்டு ஆண்டுதோறும் பராமரிப்புத் தொகை செலுத்தல் வேண்டும். அது வீட்டின் பரப்பிற்கேற்பச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். கட்டிமுடிந்த மாளிகைகட்கு ஒப்புதல் பெற்ற தொகையினை நிலத்துறையினரின் அட்டவணையில் எவரும் காணலாம். எம் சிறிய தந்தையார் விரும்பிய வீடு 680 சதுர அடி. அண்டையில் இருந்த, அதனை ஒத்த மாளிகைக்குச் சதுர அடிக்கு 16 திர்ஹாம் என்று அறிந்தோம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 10,880 திர்ஹாம். நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய். “வாடகையில்லாத வீடு” என்ற சொல்லை அன்றிரவே எம் சிறிய தந்தையார் விடுத்துவிட்டார்.

வீட்டின் மேல் அயல்நாட்டார்க்கு உள்ள உரிமை யாது என்பதையும் கூறவேண்டும். 2002-ஆம் ஆண்டில், அப்போது பட்டத்திளவரசராயிருந்த ஷேக் முகம்மது பின் ராஷித் அயல்நாட்டாரும் வீடு வாங்கலாம் என்று அறிவித்தார். 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டம் அதனை உறுதிசெய்தது. ஆயின் நகர் முழுவதிலும் அன்று. ஆட்சியாளர் குறித்த பகுதிகளில் மட்டுமே கால எல்லையற்ற உரிமையோ, 99 ஆண்டு வரையிலான அனுபோக உரிமையோ பெறலாம். இன்னும் கட்டாத வீட்டிற்குத் தரும் பணம் கட்டுவோரின் கைக்குச் செல்லாது, தனிக் காப்புக் கணக்கிற் செல்லல் வேண்டும் என 2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டம் விதித்தது. 2008-ஆம் ஆண்டு முதல் இத்தகைய ஒப்பந்தங்களைப் பதிவுசெய்தலும் கட்டாயமாயிற்று. பதிவின்போது விலையில் நூற்றுக்கு 4 பங்கு நிலத்துறைக்குச் சேரும். இச்சட்டங்கள் நல்லனவே. எனினும் சட்டம் பணத்தைக் காக்குமேயன்றி விலையைக் காவாது. 2008-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் வங்கிகள் தளர்ந்தபோது துபாயில் வீட்டுவிலை ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. பாதி எழும்பிய மாளிகைகள் பல நின்றன. வேலையிழந்தோர் தவணை கட்டவியலாது நாடு திரும்பினர்.

வேலையிழத்தல் என்றோமே, அதுவே எல்லாவற்றினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அந்நகரில் வாழ்வோருட் பத்தில் ஒன்பதின்மர் அயல்நாட்டார். அவருட் பெரும்பாலார் தங்கியிருக்கும் உரிமை அவர்தம் பணியோடு பிணைந்தது. பணி போயின் குறித்த காலத்துள் வேறு பணி தேடல் வேண்டும், அன்றேல் வெளியேறல் வேண்டும். மருத்துவக் காப்பீடும் பணிதருவோர் அளிப்பது, அதுவும் உடன்போம். பிள்ளைகள் பயில்வது தனியார் பள்ளி. அதன் கட்டணமோ நில்லாது. 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள வீடு உடையோர் 10 ஆண்டுத் தங்குரிமை பெறலாம் என 2022-ஆம் ஆண்டில் விதி தளர்ந்ததென்பது மெய்யே. எம் சிறிய தந்தையார் கருதிய வீடு அவ்வெல்லையின் மூன்றிலொரு பங்கினையும் எட்டாதது. எவ்விலையாயினும், வீடு வாங்கியதனால் மட்டும் குடியுரிமை வாராது. திர்ஹாமோ 1997-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரோடு ஒரே அளவிற் கட்டுண்டது. 2008-இல் ஒரு திர்ஹாம் 12 ரூபாயளவில் இருந்தது. 2024-இல் 22 ரூபாயைக் கடந்தது. திர்ஹாமில் ஊதியம் பெறுவார்க்கு இஃது இன்பம். ஊர் திரும்பிய பின் ரூபாயைக் கொண்டு தவணை கட்டுவார்க்கு எத்தகையது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இறந்தபின் வீடு யாரைச் சேரும் என்பதும் முன்னர்ப் பலரை அச்சுறுத்தியது. விருப்ப ஆவணம் எழுதாது இறந்தாரின் சொத்தை இஸ்லாமிய முறைப்படி பங்கிடும் நிலை இருந்தது. முஸ்லிம் அல்லாதார் தம் விருப்ப ஆவணத்தைப் பதிவதற்கென 2015-இல் ஓர் அமைப்புத் தோன்றிற்று. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஆவணமில்லாதவிடத்துப் பாதி வாழ்க்கைத் துணைக்கும், மீதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகட்கும் என்று வகுத்தது. ஆயினும் ஆவணம் எழுதிவைத்தலே சிறந்தது என்று ஆங்குள்ளோர் அனைவரும் கூறினர்.

இனி, யாம் நேரிற் கண்டவற்றைக் கூறுதும். சிறிய தந்தையார் ஒரு நற்செயல் செய்தார். தாம் வாங்கக் கருதிய இடத்திற்கு அண்மையில், வேறொருவர் வீட்டில் ஓர் அறையை ஒரு திங்களுக்கு வாடகைக்கு எடுத்தார். யாமும் அதில் 12 நாள் தங்கினோம். புத்தகத்தில் “நகரின் நடுவிலிருந்து 20 நிமிடம்” என்றிருந்தது. நள்ளிரவில் வாடகைக்காரிற் சென்றால் அது மெய். காலை 7 மணிக்குச் சிறிய தந்தையார்க்கு ஒன்றேகால் மணி நேரமாயிற்று. 2009-ஆம் ஆண்டு முதல் ஓடும் மெட்ரோ இரயில் அப்பக்கம் வருவதில்லை. பேருந்து நிற்குமிடம் ஒரு மைலுக்கு அப்பால். இடையில் ஒரு மரநிழலுமில்லை. சுற்றிலும் கட்டடவேலை நடந்தமையால் விடியற்காலையில் சாளரத்தின் விளிம்பில் மணல் படிந்திருந்தது. காய்கறிக் கடை ஒன்றே உண்டு. முருங்கைக்காயின் விலையைக் கேட்ட எம் தந்தையார் அதனை மீண்டும் தட்டிலேயே வைத்துவிட்டார். கராமாவிலோ குசைஸிலோ படியிறங்கினால் தமிழ் கேட்கும்; தோசை கிடைக்கும்; நோயுற்றால் கஞ்சி கொணரும் அண்டைவீட்டார் உண்டு. இங்கோ 12 நாளில் எமக்கு அறிமுகமானவர் வாயிற்காவலர் ஒருவரே. அவர் நேபாள நாட்டார். தம் ஊரில் ஓடும் ஆற்றைப் பற்றி இனிமையாகப் பேசினார்.

அண்டை அயலில் வினவியபோது வேறு சில செய்திகளும் அறிந்தோம். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், 1949-இல் மழைக்கணக்கு எழுதத் தொடங்கியது முதல் காணாத பெருமழை அந்நாட்டிற் பெய்தது. துபாய் விமானநிலையத்தில் ஓராண்டில் சராசரியாகப் பெய்வது 95 மில்லிமீட்டர். அன்று ஒரு நாளில் 142 மில்லிமீட்டர் பெய்தது. மழைநீர் வடியும் வழி போதாமையாற் பெருஞ்சாலைகள் ஏரிகளாயின. சிறிய தந்தையார் அன்றிரவு பணிமனையிலேயே படுத்துறங்கினார். யாம் தங்கிய தெருவில் எவ்வளவு நீர் நின்றது என்பதை வாயிற்காவலர் தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். விற்பனையாளர் சொல்லாததை வாயிற்காவலர் சொல்லுவர். அவரைக் கேளாது வீடு பார்த்தல் பாதி பார்த்தலேயாம் என்பது எம் கருத்து. மாளிகையின் புறச்சுவரை மூடிய தகடு எத்தன்மையது என்று கேட்டறிதலும் இன்றியமையாதது. டார்ச் என்னும் உயர்மாளிகை 2015-இலும் 2017-இலும் இருமுறை தீப்பற்றியது. புறத்தகடுகளின் வழியே தீ மேலேறியது. உயிர்ச்சேதமின்மை இறைவன் அருள். அதன்பின் விதிகள் கடுமையாயின. பழைய மாளிகைகளை வாங்குவோரே இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியதனால் துபாயை யாம் இழித்தேம் என்று எவரும் கருதற்க. நள்ளிரவிற் பெண்டிர் தனியே அச்சமின்றி நடக்கக் கண்டோம். சாலையின் தூய்மையைக் கண்டு வியந்தோம். நவம்பர் முதல் மார்ச்சு வரை அவ்வூர்க் காற்று மிக இனியதென்று பலரும் கூறினர். ஊத் மேதாவில் திருக்கோயில்கள் அருகருகே நிற்றலையும் கண்டு மகிழ்ந்தோம். நிலையான தொழிலும், தவணை தடைப்பட்டால் ஈராண்டு தாங்கும் சேமிப்பும் உடையார் ஆங்கு வீடு கொள்ளுதல் தவறாகாது. எம் சிறிய தந்தையாரின் தோழர் ஒருவர், தாம் ஒன்பதாண்டு வாடகைக்கிருந்த மாளிகையிலேயே ஒரு வீட்டை வாங்கி மனநிறைவோடு வாழ்கின்றார். அம்மாளிகையின் ஒவ்வொரு குழாயின் குற்றமும் அவர் அறிந்தது. அறிந்தே விலை பேசினார்.

கடைசி நாளிரவு தந்தையாரும் சிறிய தந்தையாரும் நெடுநேரம் கணக்குப் போட்டனர். “அண்ணா, எனக்கு ஐம்பது வயது. இன்னும் பத்தாண்டு வேலை இருக்குமென்று யார் சொல்வார்?” என்று சிறிய தந்தையார் கேட்டார். தந்தையார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையில் அவ்வறையைக் காலிசெய்துவிட்டுக் குசைஸிலுள்ள தம் பழைய வாடகை வீட்டிற்கே சிறிய தந்தையார் திரும்பினார். கண்காட்சிப் புத்தகத்தை எறியவில்லை. தாள் நன்றாயிருந்தமையால் அவர் மகள் அதிற் பாடப்புத்தகத்திற்கு உறை போட்டுக்கொண்டாள்.

ஊர் வந்து பாட்டியாரிடம், “அங்கே கடல்தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள், பாட்டி” என்றோம். “உப்பு போகுமா?” என்று கேட்டார். போகும் என்றோம். நம்பினாரோ இல்லையோ அறியோம். பனைவிளைக்கு வேலி கட்ட ஆள் வந்திருப்பதாகச் சொல்லி எழுந்து சென்றார்.