உயிரணுவும் உயிரும்

உடற்கூற்று நூலார் செல் என வழங்குவதற்கு உயிரணு என்னும் பெயர் தமிழில் நிலைபெற்றுவிட்டது. சொல் அழகியதே, ஆயினும் சித்தாந்த நூல் பயில்வார்க்கு அஃது ஒரு மயக்கத்தை விளைக்கின்றது. ஆணவ மலத்தால் வியாபகங் குன்றி நிற்றல்பற்றி ஆன்மாவிற்கே அணு என்னும் பெயர் சாத்திரங்களில் உண்டு. ஆகலின், உயிரணு என்றவுடன், ஓருடம்பினுள் எண்ணிறந்த உயிர்கள் குடியிருக்கின்றன போலும் என்று சிலர் கருதுவாராயினர். 1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்பார் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கி, ஆண்டுக் கண்ட நுண்ணிய வெற்றிடங்களுக்குச் சிற்றறை என்னும் பொருள்படும் பெயரையே இட்டனர். உயிர் என்பது அப்பெயரில் இல்லை.

மக்கள் உடம்பில் இவ்வறைகள் ஏறத்தாழ 30 இலட்சங் கோடி எனக் கணிக்கப்பெறும். ஒவ்வொன்றையும் சூழ்ந்து, இரண்டு படலமாக அமைந்த கொழுப்பாலான சவ்வொன்று உளது. கொழுப்பு நீரொடு கலவாதாகலின் உள்ளும் புறமும் வேறாகின்றன. அச்சவ்விடையே பதிந்த புரதங்கள் வாயில்காவலர்போல் வேண்டுவனவற்றை உள்விடுத்து வேண்டாதனவற்றைத் தடுக்கின்றன. உள்ளே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புக்களில், உணவின் கூறுகள் பிராணவாயுவினால் எரிக்கப்பட்டு, அவ்வாற்றல் ஏ.டி.பி. எனச் சுருங்க வழங்கும் பொருளாகத் திரட்டப்படுகின்றது. மூக்கின் வழி இழுக்கும் மூச்சு சென்று பயன்படுமிடம் பெரும்பான்மையும் இதுவே.

இனி, உயிரணு பெருகுமாறு. அதன் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நூலிழை சுருண்டு கிடக்கின்றது. மக்கள் உயிரணு ஒன்றிலுள்ளதனை நீட்டி ஒட்டின் ஏறத்தாழ 2 மீட்டர் ஆகும். மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கே தேறும் இடத்தில் அஃது அடங்கியிருத்தல் வியப்பன்றோ! 1953-இல் வாட்சன், கிரிக் என்னும் இருவரும் அதன் அமைப்பை விளக்கினர். இரு புரிகள் முறுக்குண்டு கிடக்க, அவற்றிடையே நால்வகைப் பொருள்கள் இன்னதற்கு இன்னதே இணை என்னும் நியதியாற் கோக்கப்பட்டுள்ளன. ஆகவே புரிகள் பிரியுங்கால், ஒவ்வொரு பழம்புரியும் தனக்கேற்ற புதுப்புரியைத் தன்மேல் அமைத்துக்கொள்ள, ஒன்று இரண்டாகின்றது. பின்னர், மக்கள் உயிரணுவாயின், 46 குரோமோசோம்களாக அவ்விழை திரண்டு நடுவே அணிவகுக்கும். நூற்கும் கதிரினை ஒத்த நுண்ணிழைக் கூட்டமொன்று தோன்றி, இரட்டித்த பகுதிகளை இருமுனைக்கும் ஈர்க்கும். இடை சுருங்கி ஓரணு இரண்டாம். விந்தணுவும் சினையணுவும் உண்டாங்கால் மட்டும் தொகை பாதியாகி 23 என நிற்கும். அவ்விரண்டும் கூடியவழி மீண்டும் 46 ஆகும். பெருகுதலேயன்றி அழிதலும் உடம்பின் ஆக்கத்திற்கு வேண்டப்படுவதே. கருவிலுள்ள குழவியின் விரல்கள் தனித்தனி பிரிவது, இடையிலுள்ள உயிரணுக்கள் முறைமையாற் சாதலினாலாம்.

இத்துணையும் தானே இயற்றும் உயிரணு இருப்ப, வேறோர் உயிர் வேண்டுவது எற்றுக்கு எனின், முறைப்பட இயங்குதல் வேறு, அறிதல் வேறு என்க. மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பை மாயையாலாய இயந்திரமெனவே கூறினர். உடம்பினை எனது என்பான் ஒருவன். அத்துணைக் கோடி அணுக்கள் இருந்தும் அவன் தன்னைப் பலர் என உணர்வதிலன்.

உயிரணுக்கள் மாறிக்கொண்டிருப்பவும் அறிவான் மாறாமையை ஏதுவாகக் காட்டுவாரும் உளர். செங்குருதியணு 120 நாள் அளவே வாழ்வது மெய். ஆயினும் மூளையின் நரம்பணுக்களுட் பெரும்பாலன வாழ்நாள் முழுதும் நிற்றலின் அவ்வேது வலியுடைத்தன்று. வலிய சான்று வேறு உளது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் அம்மையாரின் புற்றுக்கட்டியினின்றும் சில உயிரணுக்கள் 1951-இல் அவரது ஒப்புதலின்றியே எடுக்கப்பெற்றன. அம்மையார் அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இறந்தார். அவ்வணுக்களோ ஆய்வுக்கூடங்களில் இன்றும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. உயிரணுவின் இயக்கமே உயிராயின் அவ்வம்மையார் இறந்திலர் என்றல் வேண்டும். அங்ஙனங் கூறுவார் யாருமிலர்.

அமீபா முதலிய ஓரணு உயிர்கள் இரண்டாகுங்கால் ஆன்மாவும் பிளவுபடுமோ எனின், படாது. உறுப்புடைய பொருளே பிளக்கப்படும், ஆன்மா உறுப்பிலது. முருங்கையின் கிளையை வெட்டி நட்டவழி, அது தனிமரமாய்த் தழைக்கின்றது, தாய்மரமும் வாடுவதில்லை. ஆண்டு இரண்டானது உடம்பேயன்றி உயிரன்று. புதிதாய் அமைந்த உடம்பிற்கு, அதனை நுகர்தற்குரிய வினையுடைய வேறோருயிர் வரும். அமீபாவிற்கும் அஃதொக்கும். முன்னிருந்த உயிர் இரண்டனுள் எதன்கண் நின்றது என்பதனை உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டமாட்டாது. அதனாற் காணப்படுவது உடம்பே ஆகலின்.