நல்ல சீட்டு வந்தால் எவ்வளவு கட்டுவது?

திருக்கோவிலூரில் ஒரு திண்ணை. காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து இரண்டு பேர் போக்கர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இரண்டு கிங். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: இஸ்பேட் கிங், டைமன் ஒன்பது, கிளாவர் ஏழு, டைமன் நான்கு, ஆர்ட்டின் இரண்டு. மூன்று கிங் சேர்ந்துவிட்டது. இந்த விரிப்பில் இதை மிஞ்சும் கை கிடையாது. இதுவரை சேர்ந்த கொட்டை இருபது. கடைசிப் பந்தயம் உங்களுடையது.

ரம்மியில் சீட்டு சேர்ந்ததும் டிக்ளேர் செய்தால் வேலை முடிந்தது. போக்கரில் வேலை இங்கேதான் ஆரம்பம். எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டால் அந்த இருபதோடு சரி. அவர் தோற்கும் கையை வைத்துக்கொண்டே உங்கள் பந்தயத்துக்கு ஈடாகக் கொட்டை வைக்க வேண்டும். அதற்காகக் கட்டுவதைத்தான் ‘வேல்யூ பெட்’ என்கிறார்கள்.

ஐந்து கொட்டை கேட்டால் அவர் எப்போதும் தருவார் என்று கொள்ளுங்கள்: ஆட்டத்துக்கு ஐந்து. பன்னிரண்டு கேட்டால் நான்கில் மூன்று முறை தருவார்: சராசரி ஒன்பது. நாற்பது கேட்டால் பத்தில் ஒரு முறைதான்: சராசரி நான்கு. ஆக, பன்னிரண்டே சரி. நல்ல கை வந்த உற்சாகத்தில் நாற்பதை வைப்பவரும், பயந்து ஐந்தோடு நிற்பவரும் நஷ்டப்படுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம். மூன்று கிங் உங்கள் கணக்கில் வந்துவிட்டதால் பாக்கி ஒன்றே ஒன்று. அது எதிராளியிடம் இருக்கும் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அவரிடம் ஒன்பது ஜோடியோ ஏழு ஜோடியோதான் இருக்கும். அந்தக் கை தாங்கும் அளவுக்குத்தான் கேட்க வேண்டும்.

இப்போது கையை மாற்றுவோம். உங்களிடம் ஒன்பதும் எட்டும். ஒன்பது ஜோடி, சுமாரான கை. எதிராளி இந்த முறை கவனமாக ஆடுபவர் என்று கொண்டால், அதே பன்னிரண்டைக் கட்டும்போது ஏழு ஜோடிக்காரர் கவிழ்த்துவிடுவார், கிங் வைத்திருப்பவர் மட்டும் தொடர்வார். தோற்கிறவர் போய்விட்டார், ஜெயிக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். இது வேல்யூ பெட் ஆகாது. கடைசிப் பந்தயத்துக்கு அளவுகோல் இதுதான்: அவர் ஈடு வைத்துத் தொடரும் ஆட்டங்களில் பாதிக்கு மேல் நீங்கள் ஜெயிக்க வேண்டும்.

இது திறமையா, அதிர்ஷ்டமா? தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கியது. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் அந்தத் திறமையின் வருமானம் முழுக்க எதிரே இருப்பவரின் தவறிலிருந்து வருகிறது. ஆட்டம் புதிதாகக் கற்கும் பிள்ளை போனில் பணம் கட்டி உட்கார்ந்தால், தவறு செய்கிறவன் பெரும்பாலும் அவன்தான். கூடவே, ஆட்டம் நடத்தும் நிறுவனத்துக்கும் ஒரு பங்கு போகும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல், இணையத்தில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்துவிட்டது. கணக்குப் பழக ஆசைப்படுகிறவர்கள் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள்.