அச்சேறும் முன் ஒரு சோதனை: அந்தமான் நிக்கோபார் பள்ளிகளுக்கான பாடக் கருவிகள்

கல்விக்கெனச் செலவிடப்படும் தொகையில் பெரும் பகுதி ஆசிரியர் ஊதியத்திற்கும் கட்டடங்களுக்கும் செல்கின்றது. பாடநூல், படவிளக்க அட்டை, ஒலி ஒளி நிகழ்ச்சி, கணினிப் பாடம் போன்ற பாடக் கருவிகளுக்குக் கிடைப்பது சிறு பகுதியே. ஆயினும் மாணவனின் கையில் நேரடியாகச் சேர்வது இச்சிறு பகுதிதான். அது அவனுக்கு விளங்கவில்லையெனில் மற்றச் செலவுகளின் பயனும் குன்றிவிடும். ஆகவே ஒரு பாடக் கருவி உருவாகிக் கொண்டிருக்கும்போதே, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் கொடுத்துச் சோதித்துத் திருத்துவது திட்டமிடுதலின் இன்றியமையாத அங்கமாகும்.

அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் மதிப்பீட்டை இரு வகையாகப் பிரித்தார். பணி முடிந்தபின் அதன் வெற்றி தோல்வியைக் கணிப்பது ஒன்று. பணி நடக்கும்போதே குறைகளைக் கண்டு களைவது மற்றொன்று. பின்னதை ‘உருவாக்கநிலை மதிப்பீடு’ எனலாம். முன்னது தீர்ப்பு வழங்கும். பின்னது திருத்தம் தரும்.

முன்னோடி முயற்சிகள்

1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் இதற்குச் சிறந்த சான்று. நிகழ்ச்சி ஓடும் பெட்டிக்கு அருகிலேயே சில விநாடிகளுக்கொரு முறை மாறும் நிழற்படங்களைக் காட்டி, குழந்தையின் பார்வை எப்போது நிகழ்ச்சியை விட்டு விலகுகிறது என்று ஆய்வாளர்கள் குறித்தனர். முன்னோட்டக் காட்சிகளில், பொம்மைப் பாத்திரங்கள் இல்லாத தெருக் காட்சிகளின்போது கவனம் சிதறுவது தெரிந்தது. உடனே பொம்மைகளும் தெருவிற்குக் கொண்டு வரப்பட்டன.

நம் நாட்டிலும் இத்தகைய மரபு உண்டு. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. அதில் நிகழ்ச்சித் தயாரிப்பிற்கு முன்னும், தயாரிப்பின்போதும், ஒளிபரப்பிற்குப் பின்னும் சமூக ஆய்வாளர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இன்னும் ஆழமானது. செய்முறைப் பாடங்கள் வகுப்பறையில் நடத்திப் பார்க்கப்பட்டன. ஆசிரியர் கூட்டங்களில் விவாதிக்கப்பட்டன. அதன் பயனாக நூல்கள் திருத்தப்பட்டன. இத்திட்டம் 2002-இல் நிறுத்தப்பட்டது. எனினும், கிராமப் பள்ளியின் ஆசிரியரும் மாணவரும் பாடநூல் ஆக்கத்தில் பங்கு பெற இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

தீவுகளின் தனித்தன்மை

இம்முறையின் தேவை அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மிகத் தெளிவாகப் புலனாகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 3,80,581 பேர். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி எனப் பல மொழிகள் தாய்மொழிகளாய் உள்ளன. தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். தமிழர் என்பதாலேயே அவர்தம் பின்னணி ஒன்றாகிவிடாது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட, இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் வழக்குச் சொற்கள் வேறு. சென்னையில் எழுதப்படும் நூலின் சொற்கள் வேறு.

நிலமும் வேறானது. ‘மாலை ஆறு மணி, சூரியன் மறைகிறது’ என்று கடிகாரப் படம் போட்ட ஒரு பாடத்தை எண்ணிப் பாருங்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர், நமது நேரத்தை நிர்ணயிக்கும் தீர்க்கரேகைக்குக் கிழக்கே சுமார் 10 பாகை தள்ளி உள்ளது. அங்கே கதிரவன் ஏறத்தாழ 40 நிமிடம் முந்துகிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே மறைந்து விடுகிறான். தீவுகளில் இரயில் இல்லை, கப்பலே பேருந்து. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. இவற்றை மறந்து எழுதிய பாடத்தில் மாணவன் தவறான விடை தந்தால், குறை மாணவனுடையதா, நூலுடையதா?

இதையுணர்ந்தே கல்பவிருட்சம் என்ற அமைப்பும், அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவும் இணைந்து, தீவு ஆசிரியர்களுக்கெனவே ஒரு சுற்றுச்சூழல் கல்விக் கையேட்டை உருவாக்கின.

உயிர் காக்கும் பாடம்

சில பாடங்களில் தவறான புரிதல் மதிப்பெண்ணோடு நின்றுவிடாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நிக்கோபார் தீவுகளில் பேரழிவை விளைத்தது. அதன்பின் பேரிடர்க் கல்வி பள்ளிகளில் முதன்மை பெற்றது. ‘கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்’ என்ற அறிவுரையையே எடுத்துக்கொள்வோம். சொற்கள் எளியவை. ஆனால், ‘கடல் உள்வாங்காவிட்டால் அச்சமில்லை’ என்று ஒரு குழந்தை பொருள் கொண்டால்? கடல் உள்வாங்காமலும் பேரலை வரக்கூடும்; நில அதிர்வு நெடுநேரம் நீடித்தாலே விலகிச் செல்ல வேண்டும். ‘குன்றின் மேல் ஏறுங்கள்’ என்பதும் அவ்வாறே. கார் நிக்கோபார் பெரும்பாலும் சமதளமான தீவு. அங்குள்ள சிறுவன் எந்தக் குன்றைத் தேடுவான்? கடற்கரையை விட்டு உள்நிலத்தில் எவ்வழியே, எவ்வளவு தொலைவு செல்வது என்பதே அவனுக்கு வேண்டிய பாடம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் ‘ஆம்’ என்பர். ‘இப்போது தரை ஆடுகிறது, நீ என்ன செய்வாய்?’ என்று கேட்டாலன்றி இக்குறை வெளிப்படாது.

செய்முறை

இச்சோதனையை மூன்று படிகளில் நடத்தலாம். முதற்படியில், கையெழுத்து நிலையிலுள்ள பாடத்தை ஒவ்வொரு மாணவனாக அமர்த்தி வாசிக்கச் செய்து, எங்கே தயங்குகிறான் என்று குறிக்க வேண்டும். இரண்டாம் படியில், திருத்திய பாடத்தைச் சிறு குழுவிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் படியில், பாடத்தை எழுதியவர் ஒதுங்கி நிற்க, வழக்கமான ஆசிரியர் வழக்கமான வகுப்பில் அதை நடத்த வேண்டும். குறிப்பேட்டில் ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதுவது போதாது. எந்த வரி, எந்தப் படம், மாணவன் என்ன சொன்னான், என்ன மாற்றம் செய்யப்பட்டது என்னும் நான்கு விவரங்கள் தேவை.

செலவும் பயனும்

இதற்குப் பெரும் ஆய்வுக்குழு வேண்டுவதில்லை. கணினித் துறையில் நீல்சன், லாண்டாயர் என்போர் 1993-இல் செய்த கணக்கீட்டின் வழியே, ஐந்து பயனாளிகளைக் கொண்டே பெரும்பாலான குறைகளைக் கண்டறியலாம் என்ற கருத்து பரவியது. ஆனால் அது ஒரே தன்மையுடைய பயனாளிகளுக்குப் பொருந்துவது. தீவுகளில் ஒவ்வொரு மொழிக்கும், ஒவ்வொரு வகைத் தீவுக்கும் தனித்தனியே ஐவர் வேண்டும். தலைநகரிலுள்ள ஒரே பள்ளியில் இருபத்தைந்து மாணவரைச் சோதிப்பது அதற்கு ஈடாகாது. கப்பற் பயணமும் காலத் தாமதமும் செலவு தருபவை என்பது உண்மை. எனினும் கையெழுத்துப் படியில் ஒரு வரியைத் திருத்த ஒரு பேனா போதும். அச்சிட்டுத் தீவுதோறும் அனுப்பியபின் அதே வரியைத் திருத்த மறு அச்சும் மறு பயணமும் வேண்டும்.

இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் தாய்மொழி வழிக் கல்வி வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அதனைச் செயற்படுத்துகையில் புதிய நூல்களும் மொழிபெயர்ப்புகளும் பெருகும். ஒவ்வொரு நூலின் மதிப்பீட்டிலும் எழுத்து, ஓவியம், அச்சு ஆகியவற்றுடன் ‘மாணவரிடையே சோதனை’ என்றொரு செலவினத்தையும், அதற்குரிய கால அளவையும் தொடக்கத்திலேயே சேர்ப்பது நலம். அச்சு ஆணையில் ஒப்பமிடும் அலுவலர், ‘இதை எந்தத் தீவில், எத்தனை குழந்தைகள் படித்துப் பார்த்தனர்?’ என்ற ஒரு வினாவைக் கேட்டாலே போதும். பணி அங்கிருந்து தொடங்கிவிடும்.