பெயரும் மறுபெயரும்: கல்முனைக் கரையோரத்து ஆவண வழக்கில் ஆங்கில இணைப்புத்தொடர்கள்

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குதல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயல்பாகும். தமிழிலே திவாகரம் முதலான நிகண்டுகள் எழுந்தமைக்கும் இவ்வியல்பே அடிப்படை எனலாம். நிகண்டாசிரியர்கள் பெயர்களைத் தொகுத்தனர்; அப்பெயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சிறுதொடர்கள் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. எது உரிய பெயர், எது ஒட்டுப்பெயர், எது பழையது, எது ஐயத்துக்குரியது என்பனவற்றை இச்சிறுதொடர்களே உணர்த்துகின்றன. ஆங்கில ஆட்சியின்வழி நமது ஆவணங்களுட் புகுந்த இத்தகைய தொடர்கள் தமிழிற் பெயர்க்கப்பட்டபோது நேர்ந்ததென்ன என்பதைக் கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையோரத்து எடுத்துக்காட்டுகளுடன் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் மறுபெயர் கூறும் தொடர்கள் பல. அவை ஒரேபொருளன அல்ல. ‘ஏலியஸ்’ என்பது ‘வேறொரு காலத்தில்’, ‘வேறு விதமாக’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். சட்ட வழக்கின் மூலம் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ‘அதர்வைஸ் கோல்ட்’ என்பது இரு பெயரையும் ஏறத்தாழச் சமமாக வைக்கும். ‘கொமன்லி நோன் அஸ்’ என்பது மக்கள் வழங்கும் பெயரைக் குறிக்கும். ஏட்டுப் பெயர் வேறு என்னும் குறிப்பும் அதனுள் உண்டு. ‘ஃபோர்மர்லி’ என்பது காலத்தால் முந்திய பெயரைச் சுட்டும். ‘சோ கோல்ட்’ என்பதோ பெரும்பாலும் பெயரைச் சொல்லிக்கொண்டே அதன் தகுதியை மறுப்பதாகும்.

இவ்வேறுபாடுகளைப் புலப்படுத்தும் வளம் தமிழுக்கு இல்லாமலில்லை. ‘என்னும்’, ‘எனப்படும்’, ‘என வழங்கும்’ என்பன சொல்லுதலை அடியாகக் கொண்டவை. ஒருவர் இன்னவாறு அழைக்கப்படுகிறார் என்ற அளவில் அவை நிற்கும். ‘ஆகிய’ என்பது ஆதலை அடியாகக் கொண்டது. இவரே அவர் என்று துணிந்து கூறும். ‘முன்னர்’, ‘தற்போது’ என்பன காலத்தைக் காட்டும். ஆனால், ஆவணத் தமிழிலும் செய்தித் தமிழிலும் இவையாவும் இருக்க, ‘அல்லது’ என்ற ஒரு சொல்லே பலவிடத்தும் கையாளப்படுகின்றது. ‘அல்லது’ என்பது ‘அல்’ என்னும் எதிர்மறை அடியிற் பிறந்த சொல். ‘இது, இஃதன்றேல் அது’ என்பதே அதன் இயல்பான பொருள். எனவே, ஒருவரின் இரு பெயர்களுக்கிடையே ‘அல்லது’ நிற்குமாயின், இவர் இன்னாரென்று எழுதியவருக்கே தெளிவில்லை என்ற தோற்றம் உண்டாகின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதைக் காணி உறுதிகள் காட்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், அசையாச் சொத்தின் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்திற் செய்யப்படல் வேண்டுமென விதித்தது. வாய்மொழியில் வழங்கிய ஆட்பெயரும் வட்டைப் பெயரும் வளவுப் பெயரும் ஏட்டில் ஒரு நிலையான வடிவத்தை ஏற்கவேண்டிய நிலை இதனால் உருவாயிற்று. ஏட்டை எழுதுவோர் சிலர். அதனால் கட்டுப்படுவோர் பலர். எழுத்தறிவும் பொருள்வளமும் உடைய போடியார் தமது பெயர் எவ்வாறு எழுதப்படுகின்றது என்று பார்த்துக்கொள்ளக்கூடியவர். அவருடைய வயலிற் குத்தகைக்குச் செய்தவருக்கும் கைரேகை இட்ட பெண்ணுக்கும் அவ்வாய்ப்பு அரிது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதப்படும் வழமை வலுவானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வீட்டில் இன்னொரு பெயருமாக வாழ்ந்த பெண்கள் முன்னைய தலைமுறையிற் பலர். ஒரு பெண் சான்றிதழில் ஆசியா உம்மா, ஊரிற் சின்னப்பிள்ளை என்று கொள்வோம். ‘சின்னப்பிள்ளை என வழங்கும் ஆசியா உம்மா’ என்று உறுதி கூறுமாயின் அவர் ஒருவர். உறுதியில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் மற்றப் பெயரும் தனித்தனியே இருக்குமாயின், அலுவலகத்தின் கண்ணுக்கு அவர் இருவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலாம் ஊர்களின் கரையோர வீடுகளை அழித்தபோது, வீட்டுப் பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் அழிந்தன. இரு பெயரும் ஒருவருக்கே உரியன என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டிய நிலையில் ஒருவர் நிற்கும்போதே ‘என வழங்கும்’ என்ற தொடரின் பெறுமதி தெளிவாகும்.

இவ்விடத்தில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் விதியொன்று நோக்கற்பாலது. ஒரு பொருளைக் குறித்துப் பல பெயர்கள் வருமிடத்து, அவற்றுக்கு வெவ்வேறு வினைகளைக் கொடுத்தால் அவை ஒரு பொருளைக் குறிப்பனவாக நில்லா என்பது கிளவியாக்கத்தின் கருத்து. ‘ஆசிரியர், சம்மாந்துறையார், அகமதுலெவ்வை வந்தார்’ என்றால் வந்தவர் ஒருவர். ‘ஆசிரியர் வந்தார், சம்மாந்துறையார் உண்டார், அகமதுலெவ்வை சென்றார்’ என்றாலோ மூவர் எனக் கேட்போர் கொள்வர். தொடரமைப்புப் பற்றிய இவ்விதி, ஊர்ப்பெயர் அரசியலுக்கும் பொருந்தி வருவது வியப்புக்குரியது.

இங்கினியாகலையில் அணையிடப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரமாகத் தேக்கப்பட்ட ஆற்றைத் தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என வழங்கினர். 1949ஆம் ஆண்டு தொடங்கிய அபிவிருத்தித் திட்டம் அதனைக் கல்லோயா என்ற பெயரால் உலகறியச் செய்தது. பட்டிப்பளை ஆறு என்ற பெயரோடு சம்மாந்துறை, நிந்தவூர்ப் பற்றுக்களின் பழைய நெற்செய்கை இணைந்திருந்தது. கல்லோயா என்ற பெயரோடு அணையும் புதிய குடியேற்றங்களும் இணைந்தன. பெயருக்கொரு வினையாக வரலாறு எழுதப்பட்டபோது, ஓர் ஆறு ஈராறாயிற்று. திட்டத்துக்கு முன்னரும் அந்நீரை நம்பி உழுதோர் இருந்தனர் என்பது புதிய பெயரை மட்டும் அறிந்த வாசகனுக்குப் புலனாகாது.

1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய உறுதிகளில் கல்முனைக் காணிகள் மட்டக்களப்பு மாவட்டத்தன. கரைவாகு என்றும் கரவாகு என்றும் இருவகையாக எழுதப்படும் பற்றுப் பெயரும் அவ்வேடுகளிற் காணப்படும். ‘முன்னர்’, ‘தற்போது’ என்ற இரு சொற்கள் இல்லாவிடின் பழைய ஏடும் புதிய ஏடும் ஒரே நிலத்தைப் பேசுகின்றன என்று காட்டுதல் கடினம். பின்னர், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அறிமுகஞ்செய்த விகிதாசாரத் தேர்தல் முறையில், அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்னும் நான்கு தொகுதிகளும் அடங்கிய தேர்தல் மாவட்டம் திகாமடுல்ல எனப் பெயர்பெற்றது. கல்முனை வாக்காளர் அம்பாறையில் வசிக்கின்றார், திகாமடுல்லவில் வாக்களிக்கின்றார். தொல்காப்பியர் எச்சரித்த அமைப்பே இது: இரு பெயர், இரு வினை, இடையே இணைக்கும் சொல் இல்லை.

இனப்பெயரிலும் இச்சிக்கல் உண்டு. போர்த்துக்கேயர் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயரை இலங்கை முஸ்லிம்களுக்கும் இட்டனர். அதுவே ஆங்கிலத்தில் ‘மூர்’ ஆயிற்று. தமிழ் ஏடுகளில் ‘இலங்கைச் சோனகர்’ என்பது அதற்கு நேராக நிற்கின்றது. மக்கள் தம்மை முஸ்லிம்கள் என்கின்றனர். ஒன்று அயலார் ஒப்புமையால் இட்டது. ஒன்று ‘யவனர்’ என்பதோடு தொடர்புபடுத்தப்படும் பழைய வழக்கு. ஒன்று சமயத்தாற் பெற்றது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இம்மக்களின் இனத்தோற்றம் பற்றி நிகழ்த்திய உரைக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூல்வடிவில் மறுப்பெழுதினார். தம்மைக் குறிக்கும் பெயருக்குப் பொருளுரைக்கும் உரிமை யாருடையது என்பதும் அவ்விவாதத்தின் உட்கிடையாகும். இம்மூன்று பெயரையும் ‘அல்லது’ இட்டு அடுக்கும் மொழிபெயர்ப்பு அவ்வரலாறு முழுவதையும் மறைத்துவிடுகின்றது.

ஆங்கிலத் தொடர்களை வெறுத்தொதுக்குதல் இதற்குத் தீர்வாகாது. அவை காட்டும் நுண்வேறுபாடுகளை அறிந்து, தமிழில் உரிய சொல்லைத் தேர்தலே வேண்டப்படுவது. ஒருவரே என்ற துணிவுக்கு ‘ஆகிய’, மக்கள் வழக்குக்கு ‘என வழங்கும்’, காலமாற்றத்துக்கு ‘முன்னர்’, ‘தற்போது’, மெய்யான ஐயத்துக்கு மட்டும் ‘அல்லது’ என வரையறுத்துக் கொள்ளலாம். ஊர்ப்பெயரோ ஆற்றுப்பெயரோ புதிதாக இடப்படுமிடத்துப் பழைய பெயரையும் முதற் குறிப்பிலேயே சேர்த்தெழுதுதல் வரலாற்றாசிரியர், மொழிபெயர்ப்பாளர், நொத்தாரிசு அனைவருக்கும் கடமையாகும். புதுப்பெயர் சூட்டும் அதிகாரம் அரசிடம் இருக்கலாம். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் சொல்லை எழுதுவது எழுதுவோர் கையிலேயே உள்ளது. அச்சொல் விடுபடுமாயின் இழப்பு, அவ்விரு பெயராலும் வாழ்ந்த மக்களுக்கே.