வளைகுடா மருத்துவமனையில் இரத்தம் கேட்டால் பதற வேண்டாம்!



"நாளை காலை என் மனைவிக்கு ஆபரேஷன். இன்றைக்குள் இரத்தம் கொடுக்க மூன்று பேரை அழைத்து வரச் சொல்கிறார்கள். பி நெகட்டிவ் யாராவது இருக்கிறார்களா?"

வளைகுடாவில் வாழும் நமக்கு இரவு நேரத்தில் இப்படி அழைப்புகள் வருவது வழக்கமாகிவிட்டது. ஊரில் என்றால் சொந்தபந்தம் ஓடி வரும். இங்கோ, ரூமில் இருப்பவர்களும் உடன் வேலை செய்பவர்களும்தான் உறவு. எனவே சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

அதே குரூப் தேவையா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மருத்துவமனை கேட்பது பெரும்பாலும் ஈட்டு இரத்தம். அதாவது, நோயாளிக்கு இரத்த வங்கியின் இருப்பிலிருந்து ஏற்றுவார்கள். அந்த இருப்பை நிரப்பத்தான் நம்மிடம் ஆள் கேட்கிறார்கள். நாம் கொடுக்கும் இரத்தத்தை ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. போன்ற நோய்களுக்குப் பரிசோதித்த பிறகே பயன்படுத்துவார்கள். ஆகவே பொதுவாக எந்த குரூப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். "அதே குரூப்தான் வேண்டுமா, எந்த குரூப்பும் போதுமா?" என்று இரத்த வங்கியில் முதலில் கேளுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

நெகட்டிவ் குரூப் என்றால் நிலைமை வேறு. நம் நாட்டவரில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குத்தான் நெகட்டிவ் இரத்தம். கர்ப்பிணிக்கு நெகட்டிவ், கணவருக்கு பாஸிட்டிவ் என்றால் ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறக்கும் குழந்தை பாஸிட்டிவாக இருந்தால், 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த குழந்தையைப் பாதுகாப்பது அந்த ஊசிதான்.

கொடுக்கச் செல்பவர் கவனிக்க வேண்டியவை

* ஒரிஜினல் இகாமா அல்லது அந்நாட்டு அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.
* நோயாளியின் பெயரையும் ஃபைல் நம்பரையும் குறித்துச் செல்லுங்கள். இல்லையெனில் நீங்கள் கொடுத்தது அவர் கணக்கில் சேராமல் போகலாம்.
* வயது 18க்கு மேலும், எடை பொதுவாக 50 கிலோவுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். கடைசியாக இரத்தம் கொடுத்து குறைந்தது இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.
* அண்மையில் ஊர் சென்று திரும்பியவர்கள், ஹிஜாமா செய்தவர்கள், பல் பிடுங்கியவர்கள், ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில காலம் காத்திருக்கச் சொல்லலாம்.
* வெறும் வயிற்றோடு செல்லாதீர்கள். ரமளானில் இஃப்தாருக்குப் பிறகு கொடுப்பதே நல்லது.

மூன்று பேர் தேவையென்றால் ஐந்து பேரை அழைத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவு, இரத்த அழுத்தம் என்று ஓரிருவர் திருப்பி அனுப்பப்படுவது சகஜம்.

காசுக்கு வேண்டாம்

அவசரத்தைப் பயன்படுத்தி, பணம் வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுக்க வருபவர்கள் இருக்கலாம். இரத்தத்தை விற்பது மார்க்கத்தில் கூடாது. பணத்துக்காக வருபவர் தன் நோயை மறைக்கவும் வாய்ப்புண்டு. நம் ஜமாஅத்களின் இரத்த தான அணிகளைத் தொடர்பு கொண்டாலே போதும், மொழி, மதம் பாராமல் சகோதரர்கள் வந்து நிற்பார்கள்.

தேதி குறித்த ஆபரேஷன் என்றால் கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே ஆட்களைச் சொல்லி வையுங்கள். உங்கள் குரூப்பையும் ரூம் நண்பர்களின் குரூப்பையும் இன்றே ஃபோனில் பதிந்து வையுங்கள்.

ஓர் உயிரை வாழ வைப்பதன் மகத்துவத்தை அல்குர்ஆன் (5:32) நமக்கு உணர்த்துகிறது. இன்று நாம் இன்னொருவருக்காகப் போய் நின்றால், நாளை நமக்காக ஒருவர் வருவார், இன்ஷா அல்லாஹ்.