பழைய வண்டி, பழகிய சாலை – 11: வாசனை எப்போது வருகிறது?

போன வாரம் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பிரேக்கைப் பார்த்தோம். இந்த வாரம், அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் பலரும் வாய் திறக்காமல் சகித்துக்கொள்ளும் ஒன்று: காருக்குள் அடிக்கும் பெட்ரோல் வாசனை. “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியாது. வாசனை வந்தால் எங்கோ கசிகிறது. வண்டியின் வயசு அதற்குக் காரணமாகலாம், சமாதானம் ஆகாது.

ஹெரால்டு நம்மூர் கார். சென்னையை அடுத்த பெருங்களத்தூர்-வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் பத்தாண்டுகள் தயாரானது. அதில் ஒன்று, நான்கு கதவு வைத்தது, அரக்கோணத்தில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா வீட்டில் நிற்கிறது. அதில் சில மாதங்களாக வாசனை. ஹோஸ் ஒன்றை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வாசனை போகவில்லை.

கடைசியில் வந்த மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. “எங்க வருதுன்னு அப்புறம் பாக்கலாம் சார். எப்ப வருது, அதைச் சொல்லுங்க.”

சித்தப்பா யோசித்துச் சொன்னார்: “ஊருக்குள்ள ஓட்டுனா இல்லப்பா. பங்க்ல ஃபுல் பண்ணிட்டு திருத்தணி போனா வரும். மலை ஏறுறப்ப ரொம்ப. கண்ணாடிய இறக்குனா இன்னும் அதிகமாகுது.”

“அப்ப டிக்கியத் திறங்க.”

சித்தப்பாவின் அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே, ஒரு ஓரத்தில் இருக்கிறது. டேங்க் பாதி இருக்கும்போது மேல்பக்கத்து இணைப்புகளைப் பெட்ரோல் தொடுவதில்லை. நிரப்பிவிட்டு மலைப் பாதையில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஏறும்போது, அத்தனையும் பின்னால் சாய்ந்து, பெட்ரோல் ஊற்றும் கழுத்து ரப்பர் வரைக்கும் வந்து முட்டுகிறது. அதோடு வெயில். கோடையில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வரும். பங்க்கில் தரைக்கடியில் குளிர்ந்து கிடந்த பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால், 30 லிட்டருக்கு 400 மில்லிக்கு மேல் பெருகும். விளிம்பு வரை நிரப்பிய டேங்கில் அது எங்கே போகும்?

கண்ணாடியை இறக்கினால் வாசனை குறைய வேண்டாமா என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஓடுகிற காரில் ஜன்னல் வழியாகக் காற்று வெளியே இழுக்கப்படும். அந்த இடத்தை நிரப்ப, பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடுக்குகள் வழியாக டிக்கிக் காற்று உள்ளே வரும். முன் சீட்டில் வாசனை அடித்தாலும் டிக்கியில் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்து, கழுத்து ரப்பரைச் சுற்றியும், பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட் யூனிட்டின் கார்க் பேக்கிங்கைச் சுற்றியும் தடவினார். வயரை மறுபடி மாட்டி, டேங்கை நிரப்பி ஒரு சுற்று போய் வந்து பார்த்தால், பேக்கிங் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. கழுத்து ரப்பரின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பொடி ஈரமாகிப் பழுப்பேறியிருந்தது. கழற்றி வளைத்ததும் ரப்பர் வெடிப்பு வெடிப்பாக வாய் பிளந்தது. அதன் மேல் காய்ந்த சோப்பு. யாரோ எப்போதோ ஒழுகலுக்குச் சோப்பு தேய்த்து அடைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் வழியில் செய்யும் அவசர வைத்தியம் அது. ஊர் வந்து சேர்வதற்கு மட்டும்தான் உதவும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரையும் கார்க்கையும் எத்தனாலை நினைத்துச் செய்யவில்லை. சில ரப்பர் ஊறி உப்பும், சில இறுகி வெடிக்கும். ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஹெரால்டுக்கு இன்று கம்பெனி ஸ்பேர் கிடையாது. சித்தப்பா மின்சார ரயிலேறி சென்னை வந்து, புதுப்பேட்டையில் அளவு பார்த்துத்தான் வாங்கினார்.

வாசனை வேறு நேரங்களில் வந்தால்? நல்ல வெயிலில் ஓடிவந்து நிறுத்தியதும் கொஞ்ச நேரம் அடித்து அடங்கினால், கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிறது, பயமில்லை. காலை வரை அடங்காவிட்டால் நீடில் வால்வைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பானட் பக்கம் வந்தால், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றும் ஏசி பம்ப்பைப் பாருங்கள். வெயிலில் வண்டி நின்றுபோனால் ஈரத்துணி சுற்றுவோமே, அதே பம்ப்தான். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்து, அளவும் கூடியிருந்தால் அந்தப் பம்ப்பின் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயில் சேம்பருக்குள் இறங்குகிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

டேங்கே ஓட்டையாகியிருந்தால் இன்னும் கவனம். “காலி டேங்க்தானே” என்று வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது; நிறைந்த டேங்கைவிட அதுதான் வெடிக்கும். நன்றாகக் கழுவி, ஆவி துளியும் இல்லையென்று உறுதி செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, டிக்கியின் தரையில் தேங்கும். பின்விளக்குகளின் வயர்கள் போவதும் அந்த டிக்கி வழியாகத்தான். மூக்கு வேறு சீக்கிரம் பழகிவிடும், சொந்தக்காரருக்கு வாசனை தெரியாமலே போகும். அதனால் உங்கள் வீட்டில் ஹெரால்டோ, ஃபியட்டோ, அம்பாசடரோ நின்றால், இந்த ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் டிக்கியைத் திறந்து, வெளியாள் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசனை இருக்கிறது என்று அவர் சொன்னால், சரிபார்க்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

(தொடரும்)